கொப்பரை பிடித்த வருஷம்

தேங்காய்க்கு டெல்லி தெரியாது என்று நான் நம்பியிருந்தேன். மரத்தில் காய்க்கிறது, உடைத்துக் காய வைத்தால் கொப்பரை, ஆட்டினால் எண்ணெய். இதற்கு நடுவில் மந்திரிக்கு என்ன வேலை? சுவரில் சின்னம் வரைகிறவர்கள் வரைந்துவிட்டுப் போகட்டும், தென்னை தன் பாட்டுக்குக் காய்க்கும் என்று கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் பொருளாதார மேதை மாதிரி பேசிக்கொண்டிருந்தேன். தொண்ணூறுகளின் பாதி அது. கோயம்புத்தூரில் மோட்டார் பம்புக்கு உதிரி பாகம் விற்கும் சின்னக் கடை எனக்கு. வயது நாற்பதைத் தொட்டிருந்தது. அந்த வயதில் சிலருக்கு சர்க்கரை வரும். எனக்கு, எல்லாம் தெரியும் என்கிற வியாதி வந்தது.

அந்த நம்பிக்கையை மட்டும் முதலாகப் போட்டிருந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. கூடவே என் மனைவியின் மனையையும் போட்டேன்.

சூலூரில் பஸ் ரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி, தறிச் சத்தம் கேட்கிற தூரத்தில் இருந்தது அந்த மனை. அவளுடைய அப்பா அவள் பேருக்கு எழுதி வைத்தது. நாங்கள் இருந்தது லைன் வீடு. வரிசையாக எல்லாக் குடித்தனத்துக்கும் சேர்த்து ஒரே குழாய். சிறுவாணித் தண்ணீர் வருகிற நேரத்தில் அவள் குடத்தோடு நிற்கிற இடத்துக்குப் பக்கத்து வீட்டுக்காரியின் குடமும் வந்து நிற்கும். அங்கிருந்து அன்றைய சண்டை தொடங்கும். அதனால் அந்த மனையைப் பற்றி அவளுக்கு இருந்த கனவு மிகவும் சின்னது. சமையல்கட்டுக்குள் ஒரு குழாய். திருப்பினால் தண்ணீர் வர வேண்டும், யாரும் பின்னால் நின்று முறைக்கக் கூடாது. மாதத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை மகளைக் கூட்டிக்கொண்டு சூலூர் பஸ் ஏறிப் போய், அந்தக் காலி நிலத்தில் சமையல்கட்டு வருகிற இடத்தில் நின்றுவிட்டு வருவாள்.

கொப்பரை யோசனையைக் கொண்டுவந்தவர் பொள்ளாச்சிப் பக்கம் தோப்பும் உலர்களமும் வைத்திருந்த ஓர் அம்மா. நான் அக்கா என்று கூப்பிடுவேன். பம்புக்கு புஷ் வாங்க வந்தவர், பேச்சுவாக்கில் சொன்னார்:

"காசு சும்மா கெடந்தா தேங்காப் பருப்புப் புடிச்சுப் போடுங்க தம்பி. ஐயப்ப சீசன் வந்தா காயெல்லாம் மலைக்குப் போயிரும். கொப்பரைக்குக் காய் கெடைக்காது. தையில ஒரு ஏத்தம் ஏறும் பாருங்க. நம்ம குடோன்லயே போட்டுக்கலாம். லைசென்ஸெல்லாம் எம்பேர்ல இருக்குது."

காசு சும்மா கிடக்கவில்லை. மனைதான் சும்மா கிடந்தது. அதற்கு அடுத்த நிலத்தில் தறி வைத்திருந்தவர் ரொம்ப நாளாக அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். ஆடி கழிந்ததும் அவருக்கு எழுதிக் கொடுத்தோம். நல்ல மனுஷர். பத்திர ஆபீஸ் வாசலில் வைத்து என் மனைவியிடம் சொன்னார், "தைக்குள்ள பணத்தத் திருப்பிக் கொண்டாந்தீங்கன்னா மனைய எழுதித் தந்துபோடறேன் அம்மணி. அதுவரைக்கும் வேலி போடமாட்டனுங்க." பத்திரத்தில் அப்படி ஒரு வரி கிடையாது. எங்கள் பக்கத்தில் அந்த மாதிரி வரியைப் பத்திரத்தில் எழுதச் சொன்னால்தான் அவமரியாதை.

பஸ்ஸில் திரும்பி வரும்போது அவள் கேட்டாள், "ஏனுங்க, தைக்குள்ள வந்துருமா?"

"வந்துரும்."

"வரலீன்னா?"

"வராம எங்க போகும்? தேங்காய் என்ன டவுன் பஸ்ஸா, பாதி வழியில நின்னு போறதுக்கு?"

அவள் சிரிக்கவில்லை. நான்தான் சிரித்தேன்.

கொப்பரை மூட்டைகள் அக்காவின் குடோனில் அடுக்கடுக்காக ஏறின. நான் வாரம் ஒருமுறை போய் மூட்டையைத் தட்டிப் பார்த்துவிட்டு வருவேன். தட்டிப் பார்த்தால் என்ன தெரியும் என்று எனக்குத் தெரியாது. மற்றவர்கள் தட்டினார்கள், நானும் தட்டினேன்.

புரட்டாசியில் டெல்லி விழித்துக்கொண்டது. எண்ணெய் விலை ஏறிவிட்டது, நகரத்து ஜனங்கள் முணுமுணுக்கிறார்கள், தேர்தல் வேறு வரப்போகிறது. வெளிநாட்டுப் பாமாயிலை யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம் என்று கதவைத் திறந்துவிட்டார்கள். டிவியில் செய்தி வாசித்த பெண் அதைச் சொல்லிவிட்டு அடுத்த நொடியே வானிலைக்குப் போய்விட்டாள். நானும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பாமாயில் எங்கே, நம்ம ஊர்த் தேங்காயெண்ணெய் எங்கே? தலைக்குப் பாமாயில் தேய்த்துக் குளிப்பானா ஒருவன்?

அந்த மாதமே பதில் வந்தது. மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தால் அப்பளம் நன்றாகப் பொரிந்திருந்தது. நல்ல நிறம். சமையல்கட்டில் எட்டிப் பார்த்தேன். பாமாயில் பாக்கெட்.

"எதிரியக் கொண்டாந்து அடுப்பங்கரையிலயே உக்கார வெச்சிருக்கியே!"

"ரேசன்ல போட்டாங்க. மலிவா இருக்குதுன்னு ஊரே வாங்குது. நா மட்டும் வாங்காம உட்டா உங்க கொப்பரை வெலை ஏறிருமாக்கும்?"

இன்னொரு அப்பளம் போட்டுக்கொண்டேன். என் முதலீட்டை நானே நொறுக்கித் தின்றது அன்றைக்குத்தான்.

விலை இறங்க ஆரம்பித்தது. மில்காரர்கள் கொப்பரைக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அக்கா மட்டும், "இருங்க தம்பி, இதெல்லாம் பாத்துட்டுத்தானே வந்திருக்கறோம்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அதோடு போயிருந்தால் கவலை ஒன்றுதான். பயம் என்று வந்தது பேப்பரில்தான். பதுக்கல்காரர்களைப் பிடிக்கிறோம் என்று அதிகாரிகள் குடோன் குடோனாக ஏறினார்கள். எண்ணெய் டின்கள், வித்து மூட்டைகள், அவற்றின் முன்னால் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு நிற்கிற வியாபாரி. அந்தப் படத்தைத் தினமும் பார்த்தேன். டின்னைப் பார்க்கவில்லை, துண்டைப் பார்த்தேன். வெள்ளைத் துண்டு போட்டால் போட்டோவில் பளிச்சென்று தெரியும், கலர்த் துண்டுதான் சரி என்ற முடிவுக்கு வந்து, காக்கியும் பழுப்புமாக ஒன்று வாங்கி வைத்துக்கொண்டேன். சிரிக்கலாம். எனக்கே இப்போது சிரிப்பு வருகிறது. அன்றைக்குக் கடையில் ஜீப் சத்தம் கேட்டால் கல்லாவுக்குக் கீழே எதையாவது தேடுகிற மாதிரி குனிந்துகொள்வேன். லைசென்ஸ் அக்கா பேரில் இருக்கிறது, கணக்கு சுத்தமாக இருக்கிறது என்பதெல்லாம் தலைக்குத் தெரிந்தது. தலை சொல்வதை வயிறு கேட்டால்தானே?

ஐயப்ப சீசன் வந்தது. அக்கா சொன்னபடி தேங்காயெல்லாம் மலைக்குப் போனது. விலை மட்டும் போகவில்லை. மார்கழி தொடக்கத்தில் தென்னை விவசாயிகள் பொள்ளாச்சி ரோட்டை மறித்து உட்கார்ந்தார்கள். ரோடு முழுக்கத் தேங்காய் உடைத்தார்கள். குடோனுக்குப் போய்க்கொண்டிருந்த என் பஸ் நடுவழியில் நின்றுபோனது. "இவங்களுக்கு வேற வேலையே இல்லீங்களா?" என்று கண்டக்டரிடம் சலித்துக்கொண்டேன். அவர்கள் உடைத்தது என் கொப்பரைக்கும் சேர்த்துத்தான் என்பது அப்போது தோன்றவில்லை. முதலீட்டாளன் என்கிறவன் பஸ்ஸுக்குள் உட்கார்ந்திருப்பவன்.

அதற்குக் கொஞ்ச நாளில் ஒரு காலை. கடை திறந்து ஊதுவத்தி கொளுத்திக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. பொள்ளாச்சியிலிருந்து அக்கா. லைனில் ஒரே இரைச்சல்.

"ஏனுங்க தம்பி, கவர்மெண்டு ஆளுக வந்துட்டாங்க. பருப்புப் புடிக்கறாங்களாமுங்க!"

ஊதுவத்தி விரலைச் சுட்டது.

"யாருக்கா? எங்க?"

"பக்கத்துக் களத்துல தராசெல்லாம் எறக்கி, எடை போட்டுப் புடிச்சு முடிச்சுட்டாங்க. அடுத்தது நம்முளுதுதானுங்க. சுருக்கா வாங்க, அதனால வெலை..."

"அக்கா! போன்ல பேசாதீங்க! யாராச்சும் கேட்டுட்டு இருப்பாங்க!" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். திரும்ப அடித்தது. எடுத்து, பேசாமல், ரிசீவரை மேசைமேல் மல்லாக்கப் போட்டேன். அது பாட்டுக்குக் குர்ரென்று கத்திக்கொண்டு கிடந்தது. பழுப்புத் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு கடையை இழுத்துச் சாத்தினேன்.

உக்கடத்தில் பழைய எண்ணெய் வியாபாரி ஒருவர் இருந்தார். ஊரே பாய் என்று கூப்பிடும். கொப்பரையைக் கேட்டு இரண்டு முறை எனக்குச் சொல்லி அனுப்பியிருந்தார். குறைந்த விலை என்று நான்தான் பிடிகொடுக்கவில்லை. அவரிடம் எல்லா லைசென்ஸும் உண்டு, பிடித்தாலும் அவரை ஒன்றும் செய்ய முடியாது என்று என் மனசாட்சிக்கு ஆட்டோவிலேயே சமாதானம் சொல்லி முடித்தேன்.

"பாய், நம்முகிட்ட இருக்கற பருப்பு பூராவும் தந்துபோடறனுங்க. நீங்க கேட்ட வெலைக்கே. ஆனா இன்னிக்கே லாரி போயி அள்ளிக்கணும்."

அவர் கண்ணாடியை இறக்கி என்னைப் பார்த்தார். "இன்னிக்கா? பொள்ளாச்சியில என்ன நடக்குதுன்னு தெரியுமில்ல தம்பி?"

"தெரியுமுங்க. காலையிலேயே போன் வந்துருச்சு."

"கவர்மெண்டு எறங்கியிருக்கு."

"அதேதானுங்க."

"தெரிஞ்சுமா விக்கறீங்க?"

"தெரிஞ்சதுனாலதானுங்க விக்கறேன்!"

பாய்க்கு ஒன்றும் புரியவில்லை. அவர் புரியாமல் விழிப்பதை நான் அனுபவசாலியின் நிதானம் என்று எடுத்துக்கொண்டேன். "அப்பிடி என்ன தம்பி அவசரம்?" என்று மெதுவாகக் கேட்டார்.

சோதனைக்குப் பயந்து விற்கிறேன் என்று சொல்ல வாய் வரவில்லை. வாயில் வந்தது இதுதான்: "பொண்ணுக்குக் கல்யாணமுங்க."

அவர் முகம் மலர்ந்துவிட்டது. "அல்ஹம்துலில்லாஹ்! சொல்லவேயில்ல பாருங்க. பொண்ணு என்ன படிக்குது?"

"ரெண்டாவது."

"காலேஜுல ரெண்டாவது வருசமா? படிப்ப நிறுத்திராதீங்க தம்பி. மாப்பிள்ள வீட்டுல சொல்லி முடிக்க வைங்க."

"சொல்றனுங்க" என்றேன். என் மகள் அந்நேரம் பள்ளிக்கூடத்தில் ரெண்டாம் வாய்ப்பாடு ஒப்பித்துக்கொண்டிருப்பாள்.

பாய் லாரிக்காரனைக் கூப்பிட்டு அனுப்பினார். நான் அக்காவுக்கு ஒரே வரியில் ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தேன்: சரக்கைப் பாய் லாரியில் ஏற்றிவிடவும். லாரி கிளம்பியதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. நின்ற இடத்திலேயே ஒரு டீ குடித்தேன். என்ன சாமர்த்தியம், என்ன வேகம் என்று என்னையே மெச்சிக்கொண்டேன்.

மத்தியானம் பஸ் பிடித்துப் போனேன். களத்துக்குக் கொஞ்சம் தள்ளியே இறங்கி, துண்டை முகத்தில் சுற்றிக்கொண்டு வேலியோரமாக நடந்தேன். ஜீப் நின்றது. தராசு நின்றது. அதிகாரிகள் இரண்டு பேர் நாற்காலி போட்டு இளநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். ரோட்டை மறித்து உட்கார்ந்திருந்த அதே ஆட்கள் டெம்போவிலும் வண்டியிலும் மூட்டையோடு வரிசையில் நின்றார்கள். பறிகொடுக்க வந்தவர்கள் இப்படிச் சிரித்துப் பேசிக்கொண்டு நிற்பார்களா என்று ஒரு சந்தேகம் வந்தது. அதையும் விரட்டினேன்.

அக்கா என்னைக் கண்டுபிடித்துவிட்டார். "ஏனுங்க தம்பி, பல்லு வலியா? மூஞ்சியக் கட்டிட்டு வாரீங்க?"

"புடிச்சுட்டாங்களாக்கா?" என்றேன் கிசுகிசுப்பாக.

"புடிச்சாச்சுங்க. நம்ம தோப்புப் பருப்பு பூராவும் புடிச்சுட்டாங்க. நல்ல வெலை."

"வெலையா?"

"கவர்மெண்டு வெலைதான். வெளி மார்க்கெட்டுல யாரு இந்த வெல தாரா? சொசைட்டி மூலமா வாங்கறாங்க. விவசாயிககிட்ட மட்டுந்தானாம். ஆனா இவங்க புடிக்க ஆரம்பிச்சதும் வெளியிலயும் வெலை ஏறுதுங்க. அதச் சொல்லத்தான் போன் பண்ணுனேன். நீங்க வெச்சுட்டீங்க. அப்பறம் அடிச்சா லைனே போகல."

எங்கள் பக்கத்தில் சரக்கு வாங்குவதைப் பிடிக்கிறது என்றுதான் சொல்லுவோம். மஞ்சள் பிடிக்கிறார், பருத்தி பிடிக்கிறார், கொப்பரை பிடிக்கிறார். நானும் ஆவணியிலிருந்து ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தது, கொப்பரை பிடித்துப் போட்டிருக்கிறேன் என்றுதான். அதே சொல்லை அரசாங்கத்தின் பெயரோடு சேர்த்துக் கேட்டதும் எனக்கு ஜீப்பும் போட்டோவும்தான் தெரிந்தன. அரசாங்கம் பிடிக்கும் என்றால் வேறு எதை நினைக்க அந்த வருஷம் எனக்குக் கற்றுக்கொடுத்திருந்தது?

"நம்ம மூட்டை?" என்றேன்.

"பாய் லாரி வந்துச்சு, ஏத்தித் தாட்டி உட்டாச்சுங்க. உங்க கையெழுத்துச் சீட்டு இருந்துச்சு. நல்ல வெலைக்குத்தான் பேசியிருப்பீங்கன்னு நெனச்சேன்." என் முகத்தைப் பார்த்தார். ஓர் இளநீரை வெட்டிக் கையில் கொடுத்தார். வாங்கிக்கொண்டு நின்றேன். துண்டை எடுக்காமலே குடிக்கப் போனது பிறகுதான் தெரிந்தது.

மறுநாள் பாய் கடைக்குப் போனேன். பேசியபடி பணத்தை எண்ணி வைத்திருந்தார். அதன்மேல் தனியாக ஒரு கவர்.

"இது என்னங்க?"

"மொய் தம்பி. கல்யாணத்தன்னிக்கு வர முடியுமோ என்னமோ."

அந்தக் கவரை என்னால் தொட முடியவில்லை. இல்லாத கல்யாணத்துக்கு மொய் வாங்குகிற அளவுக்கு என் விளையாட்டுப் புத்தி போகவில்லை. உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். மகள் ரெண்டாங்கிளாஸ் என்பதையும் சொன்னேன். பாய் சிரித்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கடையில் இருந்தவர்களும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். பிறகு அவர் நிறுத்திவிட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"எங்கிட்ட இதச் சொல்லியிருந்தா நானே வெசயத்தச் சொல்லித் திருப்பி அனுப்பியிருப்பேனே தம்பி. கல்யாணம்னீங்க. கல்யாணத்த வெச்சுக்கிட்டு நிக்கற மனுசன்கிட்ட, இன்னுங் கொஞ்ச நாள் பொறு, வெலை ஏறும்னு சொல்ல முடியுமா? லாரியக்கூட உடனே பாலக்காட்டு மில்லுக்குப் பேசி அனுப்பிட்டேன். உங்களுக்குப் பணம் பொறட்டணுமேன்னு."

அவர்மேல் ஒரு குற்றமும் இல்லை. அக்கா மேலும் இல்லை. அரசாங்கத்தைத் திட்டலாம் என்று பார்த்தால், முதலில் விலையை இறக்கியதும் அதுதான், பிறகு தூக்கிவிட வந்ததும் அதுதான். அது என் பக்கம் வந்த நேரம் பார்த்து இறங்கி ஓடியவன் நான். கவரைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் பணத்தை மட்டும் எடுத்துக்கொண்டு கிளம்பினேன். மனை விற்ற தொகைக்கு அது எட்டவில்லை. எட்ட வைக்க என் கடையில் எதுவும் இல்லை.

வீட்டில் சொன்னபோது என் மனைவி குழாயடியில் இருந்தாள். குடம் நிறைந்து வழிந்துகொண்டிருந்தது. நான் வேடிக்கையாகச் சொல்லப் பார்த்தேன். துண்டு, இளநீர், ரெண்டாவது வருஷம் எல்லாவற்றையும் வைத்துத்தான் ஆரம்பித்தேன். அவள் குறுக்கிட்டாள்.

"புடிக்கறாங்கன்னா என்னன்னு ஒரு வார்த்த திருப்பிக் கேட்டீங்களா?"

"இல்ல."

"ஊர்ல எல்லாருத்தையும் வாய் ஓயாம கேலி பேசறீங்க. கேக்க வேண்டிய எடத்துல ஒத்தக் கேள்வி கேக்க வாய் வரலியா?"

பின்னால் நின்றவளின் குடம் அவள் குடத்தை இடித்தது. அன்றைக்கு அவள் சண்டை போடவில்லை. குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு உள்ளே போனாள். அந்த மாத ஞாயிற்றுக்கிழமை சூலூருக்குப் போகவில்லை. அடுத்த மாதமும் போகவில்லை. ஏன் போகவில்லை என்று கேட்ட மகளிடம், "வெயிலா இருக்குது கண்ணு" என்றாள். பனிக் குளிர் அப்போது.

பொங்கல் கழிந்து சில நாளில் தறிக்காரர் எங்கள் வீட்டுக்கு வந்தார். பழம், பூ எல்லாம் வாங்கி வந்திருந்தார். பேச்சை எங்கெங்கோ சுற்றினார். நூல் விலை, கரண்டு, எங்கள் மகளின் படிப்பு. காப்பி குடித்து டம்ளரைக் கீழே வைத்தவர், என்னைப் பார்க்காமல் என் மனைவியைப் பார்த்துக் கேட்டார்.

"தை பொறந்துருச்சு அம்மணி. வேலி போட்டுக்கட்டுங்களா? இன்னும் பொறுக்கணும்னா பொறுக்கறனுங்க."

"போட்டுக்குங்கண்ணா" என்றாள்.

அந்தத் தையில் கொப்பரை விலை ஏறியது, நான் வாங்கிய விலையையும் தாண்டி. சூலூர் மனையில் பங்குனிக்குள் தறி ஷெட் எழும்பியது. நாங்கள் அந்த லைன் வீட்டிலேயே இருந்தோம்.